தீட்டுமரம் முதல் சாணைச் சக்கரம் வரை



"தீட்டின மரத்திலேயே கூர் பாக்கிறான்" என்று ஒரு பழமொழி நம்ம வீடுகளில் அடிக்கடி காதில் விழும். உதவி செய்தவனுக்கே கெடுதல் நினைக்கிற ஆளைப் பற்றிய பேச்சு அது. பொருள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் இன்றைக்குப் பள்ளிக்கூடம் போகிற ஒரு பிள்ளையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். "கத்தியைக் கல்லிலே அல்லவா தீட்டுவாங்க, மரத்திலே எப்படித் தீட்டுறது?" என்று அது திருப்பிக் கேட்கும். நியாயமான கேள்விதான். மரம் மெத்தென்றது, இரும்பு வன்மையானது. மெத்தென்ற பொருள் வன்மையான பொருளைத் தேய்க்காது. அப்படியானால் பழமொழி சொன்ன முன்னோர் தெரியாமலா சொன்னார்கள்?

தெரிந்துதான் சொன்னார்கள். மரத்தின் மேலே அவர்கள் போட்ட மணலைப் பழமொழி சொல்லாமல் விட்டுவிட்டது, அவ்வளவுதான். பலகைத் துண்டின் மேல் வெங்கச்சங்கல்லைப் பொடித்து அந்தத் தூளைத் தூவுவார்கள், அல்லது நயமான மணலைத் தூவுவார்கள். கத்தியை வைத்து அழுத்தித் தேய்க்கும்போது மணல் பரல் ஒவ்வொன்றும் மரத்துக்குள் பாதி புதைந்து, பாதி வெளியே நிற்கும். வெளியே நிற்கிற பாதிதான் இரும்பைச் சுரண்டும். மரத்துக்கு வேலை, பரலைப் பிடித்துக் கொள்வது மாத்திரம். கடையில் நாம் வாங்குகிற எமரித் தாளும் இதே தத்துவந்தான். அங்கே மரத்துக்குப் பதில் தாள், புதைவதற்குப் பதில் பசை.

இந்தத் தீட்டுமரத்தை மிக நுட்பமாகக் கையாண்டவர்கள் பனைத் தொழிலாளிகள். மண்டைக்காடு, மணவாளக்குறிச்சி, கொளச்சல் பக்கத்திலே வயதானவர்களைக் கேட்டால், இடுப்பிலே அருவாப்பெட்டி கட்டிக்கொண்டு பனையேறினவர்களைப் பற்றிச் சொல்லுவார்கள். பெட்டிக்குள்ளே இருப்பது பாளை அருவாள். பிறை போல வளைந்து, தாள் போல மெலிந்திருக்கும். தினமும் பாளையின் நுனியை ஒரு மெல்லிய சீவல் அளவுக்குச் சீவினால்தான் பதனீர் சொட்டும். அருவாள் மழுங்கியிருந்தால் பாளையின் நாளங்கள் அறுபடாது, நசுங்கும். நசுங்கின வாய் அடைத்துக் கொள்ளும். அன்றைக்குப் பதனீர் குறைந்தால் கருப்பட்டி குறையும், கருப்பட்டி குறைந்தால் வீட்டிலே அடுப்பு எரியாது. உயரத்தில் மட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனிதன் மழுங்கின இரும்போடு மல்லுக்கட்டினால் உயிருக்கும் ஆபத்து. அதனால் ஏறுகிறதுக்கு முன்னாலே தீட்டுமரத்தில் நாலு இழுப்பு இழுக்காமல் யாரும் கிளம்ப மாட்டார்கள். கல்லில் தீட்டினால் இவ்வளவு மெல்லிய வாய் வராது. கல் கரடாக அரிக்கும், மரத்தில் கிடக்கிற தூளோ தேய்க்கத் தேய்க்கப் பொடிந்து இன்னும் நயமாகிக் கொண்டே போகும்.

மணல் என்று சொன்னோமே, மண்டைக்காட்டுக் கடற்கரை மணலை நீங்கள் கூர்ந்து பார்த்ததுண்டா? மாசிக் கொடைக்குப் பகவதியம்மனைக் கும்பிட இருமுடியோடு வருகிற பெண்கள் கடலிலே காலை நனைக்கும்போது பார்த்திருப்பார்கள். அலை பின்வாங்கின இடத்திலே மணல் வெள்ளையாக இருக்காது. கருப்பும் சிவப்புமாக வரிவரியாய்க் கிடக்கும். கருப்பு பெரும்பாலும் இல்மனைட். சிவப்பு கார்னெட், அதாவது மாணிக்கம் போல நிறமுள்ள ஒரு கல்லின் பொடி. இவற்றோடு ரூட்டைல், சிர்க்கான், சிலிமனைட், மோனசைட் எல்லாம் கலந்து கிடக்கின்றன.

இந்த மணல் உலகத்தின் கண்ணில் பட்ட கதை விசித்திரமானது. 1909ஆம் ஆண்டு ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியல் அறிஞர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிப் போன கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்தார். அதிலே மோனசைட் இருப்பது தெரிந்தது. அப்போது ஐரோப்பா முழுக்கக் காஸ் விளக்குதான். அந்த விளக்கின் மேண்டில் வலைக்குத் தோரியம் வேண்டும், தோரியம் மோனசைட்டில் இருக்கிறது. நம்ம ஊர்த் தொண்டும் கயிறும் போய், அதில் ஒட்டின தூசி விலை மதிப்பில்லாததாக ஆனது. மணவாளக்குறிச்சியிலே மணல் பிரிக்கிற ஆலை வந்தது அப்படித்தான். 1950இல் ஏற்பட்ட இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் 1960களில் இதை ஏற்றுக் கொண்டது. இப்போது அதற்கு ஐ.ஆர்.இ.எல். என்று பெயர். மணல் எடுப்பதால் கரைக்கும் உடம்புக்கும் என்ன ஆகும் என்ற அச்சமும் எதிர்ப்பும் கடலோர ஊர்களில் நெடுநாளாக உண்டு. அது தனியாகப் பேச வேண்டிய பெரிய விஷயம்.

நமக்கு இங்கே வேண்டியது அந்தச் சிவப்புக் கார்னெட். 1812இல் மோஸ் என்ற ஜெர்மானியர் கற்களின் வன்மைக்கு ஓர் அளவுகோல் வகுத்தார். வைரத்துக்கு 10. குருந்தக் கல்லுக்கு 9. வெங்கச்சங்கல்லுக்கு 7. கார்னெட் ஆறரையிலிருந்து ஏழரை. நல்ல கத்தி இரும்பு ஐந்தரையிலிருந்து ஆறரைக்குள் இருக்கும். ஆகவே கார்னெட் கத்தியைத் தேய்க்கும். உலகத்திலே உப்புத்தாள் செய்யவும், துருப் பிடித்த இரும்பின் மேல் வீசியடித்துச் சுத்தம் செய்யவும், தண்ணீரைப் பீய்ச்சி இரும்புத் தகட்டை அறுக்கவும் கார்னெட்டைத்தான் வாங்குகிறார்கள். நம்ம கடற்கரையிலே கிடப்பது ஒரு பெரிய சாணைக்கல் பொடியாகிக் கிடக்கிற மாதிரி என்று சொன்னால் தப்பில்லை. அதுக்காக யாரும் ஒரு பெட்டி மணலை அள்ளிவந்து வீட்டிலே வைத்து இடித்துச் சலிக்க வேண்டாம். பிரிக்காத மணலிலே மோனசைட்டும் இருக்கிறது, அது கதிர்வீச்சு உள்ள பொருள். அதன் தூளை மூச்சிலே ஏற்றிக் கொள்வது வம்பை விலைக்கு வாங்குவது.

சரி, 9 மதிப்பெண் வாங்கின குருந்தக் கல்லுக்கு வருவோம். இதிலே தமிழர்கள் கொஞ்சம் மீசையை முறுக்கிக் கொள்ளலாம். ஆங்கிலத்தில் அந்தக் கல்லுக்குக் கொரண்டம் என்று பெயர். அந்தச் சொல் நம்ம 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து போனது. சேலம், நாமக்கல் பகுதிகளிலே, குறிப்பாகச் சித்தம்பூண்டிப் பக்கத்திலே இந்தக் கல் கிடைக்கிறது. 1798இல் சார்லஸ் கிரெவில் என்ற ஆங்கிலேயர், ஆசியாவிலிருந்து வந்த இந்தக் கல்லைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் நீண்ட கட்டுரை எழுதினார். அதுக்கு எத்தனையோ காலம் முன்னாலேயே நம்ம நாட்டுக் கைவினைஞர்கள் குருந்தத்தைப் பொடித்து, அரக்கை உருக்கி அதோடு பிசைந்து, வட்டமாக வார்த்துச் சாணைச் சக்கரம் செய்து கொண்டிருந்தார்கள். ரத்தினத்தைப் பட்டை தீட்டியதும் அதிலேதான், வாளைக் கூராக்கியதும் அதிலேதான்.

அந்தச் சக்கரம் சுழன்ற விதத்தைக் கவனியுங்கள். அச்சிலே ஒரு தோல்வாரைச் சுற்றி, ஓர் ஆள் தயிர் கடைகிற மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி இழுப்பார். சக்கரம் ஒரு தடவை முன்னாலே சுழலும், ஒரு தடவை பின்னாலே சுழலும். இன்னொருவர் கத்தியைப் பிடிப்பார். பாதி நேரம் சக்கரம் எதிர்த்திசையில் ஓடுகிறதே, வீண்தானே என்று தோன்றும். ஆனால் அரக்குக்கு ஒரு குணம் உண்டு. கொதிக்கிற தண்ணீரின் சூடு வருவதற்கு முன்பே அது இளகிவிடும். வேகமாக ஒரே திசையில் ஓட்டினால் சக்கரமே கரைந்து கத்தியில் ஒட்டிக் கொள்ளும். நிதானமாக ஓடுகிற சக்கரத்துக்கு ஏற்ற பசையும், அந்தப் பசைக்கு ஏற்ற ஓட்டமும் ஒன்றோடொன்று பொருந்தியிருந்தன.

ஐரோப்பாவிலே மணற்பாறையைச் சக்கரமாகச் செதுக்கிக் கைப்பிடி பூட்டினார்கள். நெதர்லாந்தில் உட்ரெக்ட் நகரத்திலே 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு சங்கீதப் புத்தகம் பாதுகாக்கப்படுகிறது. கைப்பிடி போட்ட சாணைச் சக்கரத்துக்கு அங்கே கிடைக்கிற மிகப் பழைய படங்களிலே ஒன்று அதிலே இருக்கிறது. ஒரு பக்கம் நல்லவர்கள் புதுமாதிரிச் சக்கரத்தைச் சுற்றி வாள் தீட்டுகிறார்கள், எதிர்ப்பக்கம் பொல்லாதவர்கள் பழைய கல்லிலே தேய்த்துக் கொண்டிருக்கிறார்கள். படம் வரைந்த துறவி புதுக்கருவியின் கட்சி என்று தெரிகிறது.

பிறகு கைப்பிடி போய் மிதிகட்டை வந்தது. ஒரே ஆள் காலால் மிதித்துக் கையால் பிடிக்கலாம். அந்த ஆளுக்குச் சைக்கிள் கிடைத்தபோது நம்ம தெருக்களிலே வந்த "சாணை பிடிக்கிறதேய்..." குரல் உங்களுக்கு நினைவிருக்கும். சைக்கிளை நிறுத்தி, பின்சக்கரத்தைத் தூக்கி, அதிலிருந்து ஒரு வாரைச் சாணைக்கல்லின் அச்சுக்கு மாட்டினால் தீர்ந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்னாலே 48 பல், பின்னாலே 18 பல் என்று வைத்துக் கொள்வோம். நிமிடத்துக்கு 60 தடவை மிதித்தால் பின்சக்கரம் 160 சுற்றுச் சுற்றும். பின்சக்கரத்துக்கும் கல்லின் சிறு உருளைக்கும் எட்டுக்கு ஒன்று என்ற அளவு இருந்தால், கல் 1280 சுற்றுச் சுற்றும். ஆறு அங்குலக் கல்லென்றால் அதன் விளிம்பு நிமிடத்துக்கு 2000 அடி ஓடுகிறது. ஒரு மனிதன் சாதாரணமாக மிதிக்கிற மிதியில் இவ்வளவு! நடைக்கல்லிலே கையால் தேய்த்தால் இதிலே இருபதில் ஒரு பங்குகூட வராது.

வேகம் வந்ததும் கூடவே இரண்டு கெடுதலும் வந்தன. முதலாவது சூடு. பொறி பறக்கிறது அழகாகத்தான் இருக்கும், ஆனால் கத்தியின் வாய் மெல்லியது, சட்டென்று சூடேறிவிடும். 200 பாகை சென்டிகிரேடைத் தாண்டினால் இரும்பிலே கொல்லன் ஏற்றின பதம் இறங்க ஆரம்பிக்கும். 300 பாகை அளவில் வாயோரம் நீலம் பாயும். நீலம் பாய்ந்த கத்தி அன்றைக்கு நன்றாக வெட்டும், நாலாம் நாள் மழுங்கிப் போகும். நம்ம வெட்டோத்தியைப் பெரும்பாலும் லாரி வில்பட்டையை அடித்துத்தான் செய்கிறார்கள். நல்ல இரும்புதான், ஆனாலும் அதுக்கும் இந்த விதி உண்டு. சாணைக்காரர் அடிக்கடி தண்ணீரில் முக்குகிறாரா என்று பாருங்கள். முக்காவிட்டால் முக்கச் சொல்லுங்கள், கேட்பதில் வெட்கமில்லை.

இரண்டாவது கெடுதல் மிகப் பெரியது. இங்கிலாந்திலே ஷெஃபீல்டு என்கிற ஊர் கத்திக்குப் பேர் போனது. அங்கே சாணை பிடிக்கிறவர்கள் மணற்பாறைச் சக்கரத்தின் முன்னால் நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து வேலை செய்தார்கள். மணற்பாறை என்பது வெங்கச்சங்கல்லின் அதே சரக்கு, சிலிக்கா. கல்லில் தண்ணீர் விட்டுச் செய்தவர்கள் கொஞ்சம் தப்பினார்கள். முள்கரண்டிக்கும் ஊசிக்கும் தண்ணீர் விடாமல் உலர்சாணை பிடித்தவர்களின் நுரையீரலிலே அந்தத் தூள் இறங்கி, முப்பது வயதைத் தாண்டுவதே அரிதாகப் போனது. 1830இல் ஆர்னால்டு நைட் என்ற ஷெஃபீல்டு மருத்துவர் இந்த நோயைப் பற்றி எழுதினார். தூசியை இழுத்துப் போக விசிறி வைக்கலாம் என்று வழி தெரிந்த பிறகும் பலகாலம் அதை வைக்காத பட்டறைகள் உண்டு. உலகத்துச் சாப்பாட்டு மேசையெல்லாம் பளபளத்தபோது, அதைப் பளபளக்க வைத்த பிள்ளைகள் இருமிக் கொண்டிருந்தார்கள். சிலிக்கோசிஸ் என்று இன்றைக்கு அதுக்குப் பேர். வந்தால் மருந்து கிடையாது. நம்ம நாட்டிலே கல் உடைக்கிறவர்களுக்கும் அகேட் கல் பட்டை தீட்டுகிறவர்களுக்கும் இன்றைக்கும் வருகிறது.

இதிலே ஒரு மாற்றம் வந்தது தற்செயலாக. 1891இல் அமெரிக்காவில் அச்செசன் என்பவர் செயற்கை வைரம் செய்யப் பார்த்தார். களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தால் சுட்டபோது வைரம் கிடைக்கவில்லை, பளபளக்கிற வேறு பரல்கள் கிடைத்தன. கார்பனும் கொரண்டமும் சேர்ந்த பொருள் என்று எண்ணிக் கார்போரண்டம் என்று பெயர் வைத்தார். உண்மையில் அது சிலிக்கன் கார்பைடு, குருந்தத்தைவிடவும் கொஞ்சம் வன்மை. பொருள் வேறென்று பின்னால் தெரிந்தாலும் பெயர் நிலைத்துவிட்டது. செயற்கைக் கல்லிலே சாணைச் சக்கரம் வார்க்க ஆரம்பித்த பிறகுதான் மணற்பாறைச் சக்கரம் படிப்படியாக ஒழிந்தது.

1954இல் சென்னையிலே கார்போரண்டம் யுனிவர்சல் கம்பெனி தொடங்கியது. முருகப்பா குடும்பத்தார் ஓர் அமெரிக்கக் கம்பெனியோடும் ஓர் ஆங்கிலேயக் கம்பெனியோடும் கூட்டுச் சேர்ந்து ஆரம்பித்தது. இரும்புக் கடையிலே போய் "ஒரு கார்பரண்டம் கல்லு குடுங்க" என்று நாம கேட்கிறோமே, நம்ம குருந்தம்தான் கடல் தாண்டிப் போய், இங்கிலீஷ் சட்டை போட்டு, அமெரிக்காவைச் சுற்றிக்கொண்டு திரும்பிச் சென்னைக்கு வந்து, அங்கேயிருந்து நம்ம சந்தைக்கு வந்திருக்கிறது.

வீட்டுக் கருவிகளுக்கு வருகிறேன். 19ஆம் நூற்றாண்டிலே இங்கிலாந்தில் வசதியுள்ள வீடுகளில் கென்ட் என்பவரின் கத்தி துலக்கும் பெட்டி இருந்தது. பீப்பாய் மாதிரி மரப்பெட்டி. பக்கத்துத் துளைகளில் கத்திகளைச் செருகி, உள்ளே எமரித் தூளைப் போட்டு, கைப்பிடியைச் சுற்ற வேண்டும். எமரி என்பதும் குருந்தம் கலந்த கல்தான். அப்போதைய கத்தியெல்லாம் எலுமிச்சம்பழம் பட்டால் கறுக்கிற இரும்பு, அதனால் தினமும் துலக்க வேண்டியிருந்தது. 1913இல் ஷெஃபீல்டிலே ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகை உருக்கினார். அது கத்தியாகப் பரவியதும் அந்தப் பெட்டிகளுக்கு வேலையில்லாமல் போனது.

இப்போது கடைகளில் கிடைக்கிறது, கைப்பிடிக்கு நடுவிலே ஆங்கில வி எழுத்து மாதிரி பள்ளம் உள்ள சின்னக் கருவி. பள்ளத்திலே கத்தியை வைத்து இழுத்தால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சுரண்டும். அவசரத்துக்கு உதவும். ஆனால் அதிலே இருக்கிற கடின உலோகத் துண்டுகள் கத்தியைத் தீட்டுவதில்லை, சீவுகின்றன. தினமும் இழுத்தால் ஒரு வருஷத்திலே கத்தியின் அகலம் குறைந்திருப்பதைக் கண்ணாலே காணலாம். தக்காளி நறுக்குகிற பிச்சாத்திக்கு அது போதும். மரச்சீனி வெட்டுகிற கனத்த கத்தி அந்தப் பள்ளத்தில் நுழையாது.

இதைவிட நல்ல கருவி ஒன்றை உங்கள் ஊர்த் தச்சரே செய்து தருவார். ஒரு சாண் நீளத்துக்குக் கனமான கட்டை. அதிலே இரண்டு துளை. இரண்டு துளையிலும் விரல் கனமுள்ள குச்சி ஒவ்வொன்று, மேலே போகப் போக விலகி நிற்கிற மாதிரி. குச்சி கட்டைக்கு மேலே 20 சென்டிமீட்டர் உயரம் நின்றால், ஒவ்வொன்றின் நுனியும் நேர்குத்துக் கோட்டிலிருந்து 7 சென்டிமீட்டர் வெளியே சாய்ந்திருக்க வேண்டும். அது 20 பாகைக் கோணம், சமையல் கத்திக்குப் பொருத்தம். குச்சியின் மேலே நயமான எமரித் துணியைப் பசை போட்டு ஒட்டுங்கள். கத்தியை நேர்குத்தாகப் பிடித்து, வாயைக் குச்சியின் உச்சியில் வைத்து, கீழேயும் நம்ம பக்கமாகவும் ஒரே சீராக இழுக்க வேண்டும். ஒரு தடவை இடக்குச்சி, ஒரு தடவை வலக்குச்சி. கல்லிலே தீட்டும்போது கையாலே காக்க வேண்டிய கோணத்தை இங்கே கட்டையே காத்துக் கொள்ளும். கட்டையைப் பிடிக்கிற கை குச்சிகளுக்குப் பின்னாலே இருக்கட்டும், நடுவே ஒரு தகரத் துண்டை மறைப்பாக அடித்துக் கொண்டால் இன்னும் நல்லது. பத்துப் பதினைந்து இழுப்பிலே வாயோரம் மெல்லிய பிசிறு எழும்பும். பிறகு அழுத்தாமல் நாலைந்து இழுப்பு இழுத்தால் பிசிறு போய்விடும். கூர் பார்க்கப் பழைய பத்திரிகைத் தாள் ஒன்று போதும், கட்டைவிரலை வைத்துப் பார்க்கிற பழக்கத்தை விடுங்கள்.

வெட்டோத்திக்கு இந்தக் கோணம் கூடாது, ஓடிந்து பல் விழும். அதைக் கல்லிலேதான் தீட்ட வேண்டும். கத்தி 6 சென்டிமீட்டர் அகலம் என்றால், அதன் முதுகைக் கல்லிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் தூக்கிப் பிடியுங்கள். 25 பாகை வரும். ஒரு மரத்துண்டை அந்த உயரத்துக்கு அறுத்துப் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்துக் கொள்ளலாம். கதிர் அறுக்கிற பன்னருவாளை எந்தக் கல்லிலும் வைக்காதீர்கள். அதன் கருக்குப் பற்கள் போய்விட்டால் கொல்லன் உலைக்குத்தான் போக வேண்டும். ரப்பர் பால் வெட்டுகிற கத்தியும் தனி ரகம். அதன் மடிப்புக்குள்ளே நுழைகிற மாதிரி விளிம்பு உருண்ட சின்னக் கல் கிடைக்கிறது, அதைத் தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். மழுங்கின கத்தியால் பட்டையைக் கிழித்து, உள்ளே இருக்கிற வளர்படலத்தைக் காயப்படுத்தினால் அந்த இடத்திலே முண்டு விழும். புதுப்பட்டை சீராக வளராது, மறுவெட்டுக்கு அந்த மரம் ஆகாது.

எந்தச் சாணையானாலும் தண்ணீர் தொட்டே செய்யுங்கள், தூள் பறக்காது. மண்டைக்காடு மாதிரிக் கடலோர ஊர்களிலே உப்புக்காற்று சும்மா விடாது, இரவு தீட்டி வைத்த கத்தியில் விடிவதற்குள் துரு பூத்திருக்கும். அதனாலே தீட்டி முடித்ததும் துடைத்து, இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் இறவாணத்திலே செருகி வையுங்கள்.